எங்கள் வீட்டில் கண் வரைவது அம்மா

கண் ஒன்றுக்கு மூன்று ரூபாய்.
மாதா, சூசையப்பர், குழந்தை யேசு,
யாராக இருந்தாலும் ஒரே ரேட்டு.
கிறிஸ்துமஸ் நெருங்கினால்
தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்கூட
பார்வையில்லாத ஆறு மேய்ப்பர்கள்
டோக்கன் வாங்கியவர்கள்போல் காத்திருப்பார்கள்.

அப்பாவுக்குச் சுவர்.
தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவர்தான்.
காலையில் ஒரு சின்னம், மாலையில் அதன் எதிரி.
ராத்திரி இரண்டையும்
ஒரே மண்ணெண்ணெயில் கையிலிருந்து கழுவுவார்.
சித்தப்பா லூர்துசாமி பேண்டு செட்டில் ட்ரம்பெட்.
போய்வந்தது கல்யாணத்துக்கா சாவுக்கா என்று
சட்டையில் தெரியாது,
உதட்டு வீக்கத்தில் தெரியும்.

எனக்குக் கையெழுத்துகூடக் கோணல்.
துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணுகிறேன்.
எண்ணுவதும் ஒரு கலைதான்டா என்று சித்தப்பா சொன்னது
ஆறுதலா கிண்டலா, இன்னும் புரியவில்லை.

அக்கா ஜெசிந்தாவுக்கு இருபத்து மூன்று.
படம் போடுவாள். எழுதவும் செய்வாள்.
வேறு வீடாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பார்கள்.
இங்கே
"என் அஞ்சாம் நம்பர் பிரஷ்ஷ எங்கடி வச்ச?"
அவ்வளவுதான் விமர்சனம்.

ஒரே அறை, ஒரே டியூப்லைட்.
எல்லாரும் படுத்தபிறகுதான் அவள் முறை.
யாருக்கும் கண் வரைய மாட்டாள்.
முகமே வரைய மாட்டாள்.
முதுகு.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர் முதுகு, ஈரத்தில் ஒட்டிய பனியனோடு.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறக்கக் காத்திருக்கும்
ஸ்கூட்டிக்காரியின் முதுகு.
சாரத்தில் நிற்கும் அப்பா.
குனிந்திருக்கும் அம்மா,
கழுத்தில் ஒரு எலும்பு கூழாங்கல்லாகத் துருத்த.

"எங்க மூஞ்சியெல்லாம் எங்கடி, வித்துட்டியா?"
"நாள் முழுக்க நீ போடுற கண்ணே
இந்த ஊட்டுக்குப் போதும்மா."

அடையாறு தாண்டி யாரோ ஒரு ஏசி ஹாலில்
நான்கு நாள் இடம் கொடுத்தார்கள்.
அரை நாள் வாடகைக்கு ஒரு குட்டி யானை பிடித்தோம்.
அவள் டிரைவர் பக்கத்தில்.
நான் பின்னால், படங்களைக் கட்டிப் பிடித்தபடி.
தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள்
ஒரு வேகத்தடையில் எல்லாம் சரிந்தன.
கவிழ்ந்த படத்தின் பின்னால்
பென்சிலில் பொடி எழுத்து.

ஐஸ்காரர்: இடது கண் இல்லை. அது போன கதையைச் சொல்லும்போது மட்டும்தான் சிரிப்பார்.
அப்பா: ஈரம் காய வாயால் ஊதுவார், எந்தக் கட்சி என்று பார்க்காமல்.
அம்மா: மாதாவுக்கு இடது கண் போடும்போது கீழுதட்டைக் கடிக்கிறாள். வலதுக்கு இல்லை. நான் பார்ப்பது தெரியாது.

ராயபுரம் கடந்து
கடற்கரைச் சாலை வரும்வரை
ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
உப்புக்காற்று ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம்.
எல்லா முகமும் இருந்தது.

கடைசியில் என் முதுகு.
துறைமுகத்துக்குள் அவளை விடமாட்டார்கள்,
எப்படிப் பார்த்தாளோ:
மஞ்சள் ஹெல்மெட், காதில் செருகிய பேனா,
எண்ணும்போது லேசாக உயரும் வலது தோள்.
திருப்பினால்:
இவன் முகத்தை எழுதவில்லை.
தூக்கிப்போகும்போது இவனே படிப்பான்.
அப்போது எப்படி இருக்கிறதோ, அது.

பின்னால் வந்த பஸ்ஸில் ஜன்னலோரப் பையன் ஒருவன்
என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.
அவனைத்தான் கேட்க வேண்டும்.

ஹாலில் சுவரோடு ஒட்ட மாட்டினார்கள்.
கண்ணாடி போட்ட ஒரு அம்மா நெடுநேரம் நின்று கேட்டார்:
"ஏம்மா, யாருக்குமே முகம் இல்லை?"
"இருக்கு மேடம். சொவத்தப் பாத்துனு இருக்கு."
அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

நான் ஓரமாக நின்று
எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.
பதினேழு படம்.
ஐஸ்காரருக்கு ஒன்று கழித்து முப்பத்து மூன்று கண்.
மூன்று ரூபாய் மேனிக்குத் தொண்ணூற்றொன்பது.
அம்மாவாக இருந்தால்
நூறாகக் கேட்டிருப்பாள்.