கொடி பிடித்தல்

மருத்துவமனை லிஃப்ட் நான்கரைக்கே சரியாகிவிட்டது.
விடுதி அறையில் டிவி ஓடவில்லை.
மீன் வறுக்கிற கடைக்காரர் சொன்னார்:
செவ்வாய்க்கிழமை ஆயிற்றே, ஸ்கார்பெக் ஆடுகிறார்கள்,
அதோ அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

நான்கு கம்பங்கள்.
ஒன்றில் பாதி பல்புகள் அவிந்து
அந்த மூலையில் மட்டும் அதற்குள் நள்ளிரவு.
வாயிலில் நோரிஸ் ஆறு பவுண்டு வாங்கிக்கொண்டு
மீதிச் சில்லறைக்கு ஒரு குலுக்கல் சீட்டு தந்தார்.
நீலம், நூற்றுப் பதினெட்டு.
பரிசு என்ன?
இறைச்சித் தட்டு.
"மூன்று வாரமாக அதே தட்டு" என்றார், சிரிக்காமல்.

சுரங்கத்து ஆட்கள் ஞாயிறுகளில் சமன்செய்த தரையாம்.
சமன் என்பது அவர்கள் கணக்கு.
வடக்குக் கோலைப் பார்த்துப் பந்து
கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே உருள்கிறது.

தேநீர்க் கூண்டில் கிளெண்டா
கடல் பக்க ஜன்னலை அடைத்தே வைத்திருந்தாள்.
பட்டாணி மசியல், மேலே வினிகர்,
மரக்கரண்டி.
கோல் காக்கும் டாரலுக்குச் சுவர் பூசும் தொழில்.
முழங்கையில் இன்னும் வெள்ளைத் தூள்.
இடைவேளையில் வேலியில் சாய்ந்து
யாருக்கோ ஒரு சமையலறைக்கு விலை சொன்னார்.
ஒலிபெருக்கி இருமிவிட்டு அறிவித்தது:
இன்றைய வருகை அறுபத்து மூன்று, நன்றி.

ஐம்பத்தெட்டாம் நிமிடம்
கோட்டு நடுவருக்குப் பின்தொடை பிடித்துக்கொண்டது.
புல்லில் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றினார்,
இந்த ஜென்மத்துக்குப் போதும் என்பதுபோல.
மறுபடி இருமல்:
இரண்டு அணிக்கும் வேண்டாதவர், வேண்டியவர்
இரண்டும் அல்லாதவர்
யாராவது இருந்தால் முன்னே வரவும்.

எல்லோரும் யாருக்கோ மாமா,
அடுத்த வீடு, கடன்காரர், முன்னாள் கணவர்.
தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி
என் வேலைக்காலணியில் வந்து நின்றன.

கொடி ஈரமாக இருந்தது.
பிடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்
என் பெட்டியிலும் இருக்கிற அதே டேப்.
கொடி பிடிப்பவனுக்கு ஒரு கட்சி இருக்கும் என்பார்கள்.
எனக்குக் கொடி கிடைத்ததே
கட்சி இல்லாததால்.

எண்பத்தொன்றாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
ஒன்பதாம் எண், செம்பட்டை முடி, பதினேழு வயது இருக்கும்,
அந்த இருட்டு மூலையிலிருந்து புறப்பட்டான்.
பந்தை உதைத்தவனையும் பாய்ந்தவனையும்
ஒரே நொடியில் பார்க்கவேண்டும்.
எனக்கோ ஒரு ஜோடிக் கண்.
கடைசித் தடுப்பாளனைத் தாண்டித் தெரிந்தது
அவன் முழங்காலா,
முழங்காலின் நிழலா?
சந்தேகம் வந்தால் நிறுத்து:
லிஃப்டுக்காரன் கைக்குத் தெரிந்த ஒரே சட்டம்.
கை போய்விட்டது மேலே.

வலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நோரிஸ் வாயிலையும் கல்லாவையும் விட்டு ஓடி வந்தார்.
நாயோடு வந்தவர் கத்தினார், நாயும்.
நரம்பில்லாத நாக்குகள்,
மூட எந்த உலைமூடியும் போதாது.
அந்தக் காற்றிலும் ஜன்னலைத் திறந்து
கிளெண்டா என் பிறப்பைப் பற்றி ஒரு ஐயம் எழுப்பினாள்.
இத்தனை பேர் ஒரே சமயம்
என்னைப் பார்த்துப் பேசி எத்தனை வருஷம்.

ஒலிபெருக்கி: ஒரு திருத்தம்.
வருகை அறுபத்து இரண்டு.

முடிந்தபின் செம்பட்டைப் பையன் வந்து நின்றான்,
வாயில் ஆரஞ்சுத் துண்டு.
"முன்னால்தான் இருந்தேனா?"
தெரியவில்லை என்றேன்.
கொஞ்சநேரம் மென்றான்.
"எனக்கும்" என்றான்.

இறைச்சித் தட்டைக் கேட்டு யாரும் வரவில்லை.
என் சீட்டு சட்டைப்பையில் மசியலோடு ஒட்டிக்
கிழிந்துபோயிருந்தது.

காலையில் கையெழுத்து வாங்கப் போனேன்.
நான்காம் மாடியில் ஏறிய நர்ஸ்
என் முகத்தைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள்,
பொத்தானை அழுத்தாமலே சொன்னாள்:
"அது ஆஃப்சைடே இல்லை."
கதவு மூடிக்கொண்டது.
இறங்கத் தொடங்கினோம்,
துளி குலுக்கல் இல்லாமல்.