இடதுபக்க ஃபுட்ரெஸ்ட்

கழிஞ்சூரில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலுக்கு
எஞ்சினைத் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை.
ஆனாலும் மூன்று நிமிடம் ஓடவிட்டேன்.
இளகினால்தான் அடியில் தங்கினதும் சேர்ந்து வரும்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
பாதியாக வெட்டிய கடலெண்ணெய் கேன்.
கேனுக்குக் கீழே போன வருஷத்துக் காலண்டர்,
மார்ச்சிலிருந்து ஜூன் வரை.
மாடியிலிருந்து ஹபீபுன்னிசா அக்கா எட்டிப் பார்த்தாள்.
"இன்னாப்பா, தரையெல்லாம் கறை ஆவப் போவுது."
"காலண்டர் கீதுக்கா."
"நாலு மாசம் எந்த மூலைக்கு" என்று உள்ளே போனாள்.

கடைசிச் சுற்றில் நட்டு விரலைச் சுட்டது.
மை மாதிரி இறங்கியது ஆயில்.
மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
அதில் என் சொந்தக் கணக்கு
குடியாத்தத்தில் ஒரு கல்யாணம், வாலாஜாவுக்கு ஒரு தரம்.
மிச்சமெல்லாம்
காட்பாடி ஸ்டேஷன், பாலாற்றுப் பாலம், ஆஸ்பத்திரி,
ஆஸ்பத்திரி, பாலாற்றுப் பாலம், ஸ்டேஷன்.

பின்சக்கரத்து பிரேக் ஷூ காகிதமாகியிருந்தது.
"ஆஸ்தே தாதா, ஆஸ்தே" என்று
முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஒவ்வொரு தடவைக்கும்
ஒரு மயிரிழை போயிருக்கும்.
எனக்குத் தெரிந்த பெங்காலி மொத்தம் பதினோரு சொல்.
அதில் நான்கு, எண்கள்.

பின்னால் உட்காருகிறவர் கால்வைக்கும் ரப்பரில்
வலது இன்னும் புதுசு,
கம்பெனிக்காரன் பதித்த எழுத்தைத் தடவியே படிக்கலாம்.
இடது வழுக்கைத் தலை.
சேலை கட்டியவர்கள் ஒருக்களித்து உட்காருவார்கள்,
பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான்.
மடியில் எக்ஸ்ரே உறை.
பாலத்தின் மேல் காற்று அதைப் பிடித்துக்கொண்டால்
ஹேண்டில்பார் எனக்குச் சொல்லும்.

செயின் கவரைக் கழற்றினேன்.
பின் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி நூல்,
கிரீஸில் ஊறித் திரியாக முறுக்கேறியிருந்தது.
குண்டூசியால் நெம்பிப் பிரித்தேன்.
ஒரு சிவப்பு. ஒரு கடுகு மஞ்சள்.
நிறமே சொல்ல முடியாத இன்னொன்று.
கடுகு மஞ்சளை எனக்குத் தெரியும்,
அல்லது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மால்டாவிலிருந்து வந்தவள். கூடவே புருஷன்.
ஒரே வண்டியில் மூன்று பேர் முடியாது என்று
தோட்டப்பாளையம் லாட்ஜுக்கு இரண்டு நடை அடித்தேன்.
நாற்பத்தொரு நாள் கழித்து போன் பண்ணினாள்.
ஸ்டேஷனுக்கு இரண்டு நடை என்று கூலி சொன்னேன்.
ஒரு நடை போதும் என்றாள்.
கணக்கைப் பாதியாக்கினேன்,
வேறெதுவும் கேட்கவில்லை.
முந்தானை ஓரம் கிழிந்ததை
அவள் எங்கே போய்ப் பார்த்தாளோ.

அழுக்குத் துணியோடு நூலைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தால்
வாஷரைக் காணோம்.
எட்டணா அகலத்துக்கு ஒரு வளையம்,
அது இல்லாமல் சொட்டுச் சொட்டாய் ஒழுகியே வண்டி செத்துவிடும்.
டயருக்கடியில் இல்லை, ஸ்பேனர் பையில் இல்லை.
காலண்டரை ஒவ்வொரு மாதமாகத் தூக்கிப் பார்த்தேன்.
கடைசியில் பழைய ஆயிலுக்குள் கையை விட்டேன்.
அடியில் கிடந்தது, வெதுவெதுப்பாக.

இந்த ஆயிலையும் கொட்டப் போவதில்லை.
சென்ட்ரிங் பலகைக்குப் பூச மேஸ்திரி தணிகாசலம் கேட்டிருக்கிறார்.
புது லாட்ஜ் ஒன்று எழும்புகிறது, மூன்றாவது மாடி.

புது ஷூ மாட்டினேன். தொள்ளாயிரம் மில்லி அளந்து ஊற்றினேன்.
செயினுக்கு இரண்டு விரல் தொய்வு விட்டேன்.
வலது ரப்பரைக் கழற்றி இடதில் போட்டேன்,
வழுக்கை வலதுக்குப் போதும்.

சோப்புத்தூளில் சர்க்கரை கலந்து தேய்த்தும்
நகக்கண் வெளுக்கவில்லை. போன் அடித்தது.
முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.
ஹவுரா வண்டி இரண்டு மணி நேரம் லேட்டாம்.
எத்தனை பேர் என்று கேட்டேன்.
"துய்" என்றது ஒரு சின்னக் குரல்,
என் பதினோரு சொல்லுக்குள் இருக்கிற எண்.
வருகிற இரண்டு நடை, போகிற இரண்டு,
மனசு தன்பாட்டுக்கு நாலு என்று கூட்டியது.
வருவதற்கான கூலியை மட்டும் சொன்னேன்.