அறுபது வீதம்

செவ்வாய் பின்னேரம்
நாலாவது பரப்பில் குந்தியிருந்து
வெங்காயத் தாள் சாய்ந்துவிட்டதா என்று
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது
இடுப்பில் போன் அதிர்ந்தது.
'வியாழன் தொடக்கம் மழை. வாய்ப்பு அறுபது வீதம்.'

தாளில் பாதி சாய்ந்திருந்தது.
மீதிப் பாதி நிமிர்ந்து நின்று
இன்னும் ஒரு கிழமை தா என்றது.
ஒரு கிழமை என்பது
பரப்புக்கு ஐம்பது கிலோ.
விதைவெங்காயம் வாங்க வங்கியில் வைத்த
என் பதக்கச் சங்கிலியில் பாதி.

அறுபது வீதம் மழை என்றால்
நாற்பது வீதம் வெயில்.
ஆனால் தோட்டம் வீதத்தில் நனையாது.
நனைந்தால் முழுக்க நனையும்.
இல்லையென்றால் புன்னாலைக்கட்டுவன் செம்பாட்டில்
முழுக்கப் புழுதிதான்.

புஸ்பராணிக்கு எடுத்தேன்.
"ஒன்பது பேர் வருவம் அக்கா.
நாளைக்கு எல்லாரும் கேக்கினம்.
ஆளுக்கு முன்னூறு கூட்டித் தாங்கோ."
படங்கு வாடகைக்கு விடும் நவரத்தினம்
நேற்று ஐந்நூறு என்றவர்
இன்றைக்கு எண்ணூறு என்றார், ஒரு இரவுக்கு.
வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை.
மழைக்கு முதல்
மழையின் விலை வந்துவிட்டது.

புதன் பிடுங்கினோம்.
நாங்கள் மட்டுமா?
ஏழாலை, குப்பிழான், ஊரெழு எல்லாம் பிடுங்கியது.
வியாழன் காலை சுன்னாகம் சந்தையில்
லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் லாண்ட்மாஸ்டர்.
இருநூற்றெண்பதுக்குப் போன வெங்காயம்
நூற்றெழுபதில் வந்து நின்றது.
"மழை வருதாம் அக்கா,
ஈர வெங்காயத்தை வாங்கி நான் என்ன செய்ய?"
அந்த வியாபாரியின் கையிலும் அதே செய்தி.
எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லியிருக்கிறார்கள்,
பாகுபாடு இல்லாமல்.

பாதியைக் கொடுத்தேன்.
மீதி எண்ணூறு கிலோவைக் கோபத்தோடு
திருப்பிக் கொண்டுவந்து படங்குக்குக் கீழ் பரப்பினேன்.
பிறகு கணக்கு எழுதும்போது
அதைக் கெட்டித்தனம் என்றுதான் எழுதினேன்.

வியாழன் மழை இல்லை.
வெள்ளி மழை இல்லை.
திருநெல்வேலிப் பக்கம் பார்த்து
ஊர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.
பக்கத்துத் தோட்டத்துச் சத்தியசீலன்
பிடுங்காத மூன்று பரப்புக்கும் நடுவில் நின்று
"பாத்தியளே அக்கா" என்று சிரித்தான்.
அவனுக்கும் செய்தி அதே நிமிடம்தான் வந்தது.
கூலிக்குக் காசு வரவில்லை,
அவ்வளவுதான்.

சனி இரவு பதினொன்றரைக்கு
படங்கின்மேல் முதல் துளிகள்
யாரோ சில்லறை எறிந்தமாதிரி.
விடியும்வரை எறிந்தார்கள்.

அடுத்த செவ்வாய் கிலோ முன்னூற்றிநாற்பது.
காய்ந்து சுருங்கியதில்
விதைக்கு நாற்பது கிலோவைப் பிடி கட்டித் தூக்கிவிட்டு
எழுநூறை அந்த விலைக்கே விற்றேன்.

இரவு சீ.ஆர். கொப்பியில் கோடு கீறி எழுதினேன்.
சந்தையில் வந்தது. படங்குக்குப் போனது. கூட்டிய கூலி.
செய்தியே வராமல் இருந்திருந்தால்
அரைவாசி அழுகி மிஞ்சியிருக்கக்கூடியது.
கழித்துப் பார்த்தால்
ஓர் அறுபது வீதத்தின் பெறுமதி
ஐம்பத்தேழாயிரத்து முன்னூறு ரூபாய்.
இரண்டு தரம் கூட்டினேன். சரி.

ஆனால் முன்னூற்றிநாற்பது எங்கிருந்து வந்தது?
அவனுடைய மூன்று பரப்பும்
அவனைப்போல் கை கட்டி நின்றவர்களின் பரப்புகளும்
சேற்றில் கிடந்து நாறியதால் வந்தது.
காற்றுத் திரும்பும்போது
கொப்பி வரைக்கும் அந்த மணம் வருகிறது.
அதை வரவில் எழுதுவதா, செலவிலா?

இன்று காலை வேலிக்கு அங்கால் நின்று கேட்டான்:
"அடுத்த நடுகைக்கு விதைவெங்காயம் வைச்சிருக்கிறியளாம்.
கிலோ என்ன விலை போடுவியள்?"

வாயெடுக்கமுதல் இடுப்பில் போன் அதிர்ந்தது.
அவனுடைய சட்டைப்பையிலும்.
இரண்டு பேரும் குனிந்து வாசித்தோம்.

"ஞாயிறு மட்டும் பத்து வீதமாம்" என்றான்.
"ஓம்" என்றேன்.

விலையை இன்னும் சொல்லவில்லை.