நல்

முதல் வாரம் முழுக்க
என் பெயரைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.
ரேஷன் கார்டில் ஜி, கல்லூரிச் சான்றிதழில் கே,
வங்கிப் புத்தகத்தில் வாணி தனியே பிரிந்து கிடந்தாள்.
தமிழில் ஒரே கோ போட்டுக் கோகிலவாணி என்று எழுதிவிடலாம்.
கொழிஞ்சாம்பாறையில் அப்படி முடியாது.
டேட்டாபேஸ் என்னை மூன்று பேராக எண்ணியது.
ப்ரைமரி கீ வை, என்றாள் ஷிஜினா,
பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.
எனக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்து ஸ்க்ரேப்பிங்.
வேலந்தாவளம் காய்கறிச் சந்தையின் தினவிலை
அட்டவணைக்குள் அட்டவணை,
அதற்குள் ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் தக்காளி.
வெங்காயம் இரண்டு வரிசை தள்ளி.
என் லூப் மூச்சு விடாமல் கதவைத் தட்டியது,
நிமிடத்துக்கு அறுநூறு தடவை.
சர்வர் நானூற்று இருபத்தொன்பது என்று
ஒரு எண்ணை நீட்டிவிட்டுச் சாத்திக்கொண்டது.
சாத்தியது சரிதான்.
ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு ஐந்து விநாடி தூங்கு
என்று ஒரு வரி சேர்த்தேன்.
அது தூங்கித் தூங்கி விடிய விடிய நடந்து
மூன்று வருட விலையைக் கொண்டுவந்து இறக்கியது.
நான்தான் தூங்கவில்லை.

வரைபடத்தில் மேடு, பள்ளம், ஓணத்துக்கு முந்தைய ஏற்றம்
எல்லாம் இருந்தன.
ஒரு பிப்ரவரியில் மட்டும்
ஒன்பது நாள் கோடு நேராகக் கிடந்தது.
பதினான்கு. பதினான்கு. பதினான்கு.
திட்டவிலக்கம் சுழியம்.
ஆஸ்பத்திரியில் கோடு அப்படிப் போனால்
நாலு பேர் ஓடி வருவார்கள்.
புள்ளியியலில் நாம்தான் பஸ் ஏற வேண்டும்.

சந்தை அலுவலகத்தில் விலை ஏற்றுகிறவர் பிஜேஷ்.
என்னைவிட நாலு வயசு கூட இருந்தால் அதிகம்.
"நெட் இல்லாயிருந்து" என்றார்.
என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.
"காலியா விட்டா கட்டம் சிவப்பாகும்.
பாலக்காட்டுலேந்து போன் வரும்.
பழைய பதினாலையே போட்டா யாரும் கேக்கறதில்ல.
நீங்கதான் முதல் ஆள்."
பாராட்டா புகாரா, தெரியவில்லை.

ஏலக்கடை ஆறுச்சாமி
பில் புத்தகத்தைத் தூக்கிப் போட்டார்.
கார்பன் நீலத்தில்
பதினொன்று, ஒன்பது, ஆறு,
மறுபடி ஆறு, நாலு, மூன்றரை.
அப்புறம் மூன்று நாளுக்குப் பில்லே இல்லை.
"பெட்டிக் கூலி தேறாதுன்னு
ஆரும் பறிக்கவே இல்ல கண்ணு.
காட்டுலயே மாட்டை விட்டாச்சு."

ராத்திரி ஆறு எண்களைத் திருத்தினேன்.
மீதி மூன்றுக்குச் சராசரியைப் போட்டு நிரப்பு,
எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்றாள் ஷிஜினா.
சராசரி எட்டேகால்.
அந்த விலைக்கு அந்த மூன்று நாளும்
மாடு வாங்கியிருக்காது.
சுழியம் போடலாமென்றால்
சும்மா கொடுத்தார்கள் என்று ஆகிவிடும்.
யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

நல் என்று விட்டேன்.
தமிழில் அந்தச் சொல் தனியே நிற்காது.
நல்லெண்ணெய்,
எல்லைப் பலகையில் நல்வரவு என்று
எதன் முன்னாலாவது ஒட்டி நின்று
அதைக் கொஞ்சம் உயர்த்திவிடும்.
இங்கே பின்னால் ஒன்றும் வரவில்லை.
நல்லும் நல்லும் சமமா என்று
ஒரு வரி எழுதிக் கேட்டுப் பார்த்தேன்.
உண்மை என்று சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை.
அதற்கும் நல் என்றே பதில்.
சரிதான் என்று பட்டது.
திங்கள் விட்ட மாடும் புதன் விட்ட மாடும்
ஒரே காட்டில் விட்டதா, யாருக்குத் தெரியும்.

இப்போது என் கோட்டில்
மூன்று நாள் அகலத்துக்கு வெள்ளை.
வைவா எடுக்க வந்தவர் தாளைத் தூக்கிப் பிடித்து
பிரிண்டரில் மை தீர்ந்துபோச்சா என்று கேட்டார்.
இல்லை ஸார்,
தக்காளி, என்றேன்.