மூடாத வட்டம்

புந்தா அரேனாஸில் விடியற்காலை மூன்று மணி.
காற்று ஆம்புலன்ஸ் கதவைப் பிடுங்கப் பார்க்கிறது.
நசாரியோ ஒயார்சூன், லாரி ஓட்டுநர்.
ஒசோர்னோவிலிருந்து முப்பத்தொரு மணி நேரம்
இருக்கையோடு இருக்கையாய் வந்திருக்கிறார்.
இடது பூட்ஸைக் கழற்ற முடியவில்லை.
கத்தரிக்கோல் கேட்டேன்.
"புதுசு, டாக்டர்" என்றார்.
வெட்டினேன்.

ஸ்கேன் அறை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
சக்கரம் கீச்சிடும் சின்ன அல்ட்ராசவுண்ட் பெட்டியை
நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.
தொடையில் ஜெல் பட்டதும் சிலிர்த்து
"ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.
சிரித்துவிட்டேன்.

திரையில் அடுத்தடுத்து இரண்டு கருவட்டங்கள்.
துடிப்பது தமனி.
மற்றது சிரை. அமுக்கினால்
தூக்கம் சொக்கும் கண்போல மூட வேண்டும்.

இடுப்பு மடிப்பில் அமுக்கினேன். மூடியது.
இரண்டு விரற்கடை கீழே. மூடியது.
இன்னும் கீழே.
மூடியது, விட்டதும் விழித்தது.

முழங்காலின் பின்குழியில்
அமுக்கினேன்.
ஜெல்லைத் துடைத்து, மறுபடி பூசி,
பக்கத்துத் தமனியே கோணிப்போகும் அளவுக்கு
அமுக்கினேன்.
அது மட்டும் உருண்டையாய்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் மிலென்கா என் முகத்தைப் பார்த்தாள்,
ஊசி மருந்து எடுக்கப் போனாள்.
அவர் திரைப்பக்கமே திரும்பவில்லை.
நாற்காலியில் கிடந்த பூட்ஸைக் காட்டி
"தைச்சிடலாமா?" என்றார்.

மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா
என்று கேட்க வேண்டிய நான்
"தைக்கலாம்" என்றேன்
முதலில்.