கழித்தது

க்ளாக்ஸ்விக் துறைமுகத்தில் இன்னும் விடியவில்லை.
எய்யுனை இயந்திரம் மூன்றாம் முறையும் மறுத்துவிட்டது.
முப்பத்தெட்டுப் பெட்டி காட் மீன்,
படகின் பெயர், வடக்கே எத்தனை மைல்,
எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.
சொல்வது அவர்தானா என்பதில்தான் சந்தேகம்.

விரிசல் விட்ட ஒலிவாங்கி,
செயற்கைக்கோள்வரை போய்த் திரும்பும் தூரம்,
காலடியில் டீசல் எஞ்சின்.
இத்தனையையும் கடந்து
நனைந்த கோட்டோடு என் மேசைக்கு வருகிறது குரல்.
கோட்டைக் கழற்றுவது என் வேலை.

பெரிய வித்தை ஒன்றுமில்லை.
தொலைபேசி எல்லாச் சொல்லையும்
ஒரேபோல்தான் கெடுக்கும்.
கெடுத்தது பெருக்கலாய் ஒட்டிக்கொண்டிருக்கும்;
மடக்கை எடுத்தால் கூட்டலாய் இளகிவிடும்.
பிறகு நாற்பது நொடிக்குச் சராசரி பார்.
மாறுவது மனிதன்.
மாறாமல் நிற்பது கருவி.
நிற்பதைக் கழி.

கழித்தேன்.
பச்சை விளக்கு.
எய்யுன், எய்யுன்தான்.
மீன் ஏலப் பட்டியலில் ஏறிவிட்டது.

காபி ஆறும்வரை சும்மா இருக்க முடியாமல்
கழித்ததை எடுத்து
பிப்ரவரிப் பதிவில் கழித்ததன்மேல் வைத்துப் பார்த்தேன்.
அதே படகு, அதே தொலைபேசி.
விரிசல்கூட அன்றே இருந்தது,
பழுதுச் சீட்டில் தேதி போட்டிருக்கிறது.
இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
இல்லை.

இருநூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ அமுங்கியிருக்கிறது.
மீன் என்ற சொல்லிலும்
வடக்கு என்ற சொல்லிலும்
கடைசியில் சொன்ன நன்றியிலும்
ஒரே அளவு.

மே மாதம் அவர் தம்பி ஹானுஸைக் கடல் கொண்டது.
உடல் கிடைக்காத அந்தச் சடங்கில்
நானும் பின்வரிசையில் நின்றேன்.
ஐந்து மாதம் கழித்து
இன்றுதான் எய்யுன் மறுபடி படகேறியிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்தும் போகாத ஒன்றை
நான் ஒரு வரிக் கணக்கில் கழித்திருக்கிறேன்.
சூத்திரத்தைக் குறை சொல்ல முடியாது.
எப்போதும் இருப்பது எதுவோ
அது வழியில் ஒட்டிய அழுக்கு
என்றுதான் அதற்குச் சொல்லியிருக்கிறோம்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
ஆள் மாறாட்டம், கருவிக் கோளாறு.
இரண்டாவதில் குறியிட்டேன்.

விதிப்படி அவரை
மறுபதிவுக்கு வரச் சொல்லி எழுத வேண்டும்,
இதுதான் இனி உங்கள் குரல் என்று.
எழுதவில்லை.
கோப்பில் பிப்ரவரி இருக்கட்டும்.
தினமும் காலை ஆறரைக்கு அவர் பேசட்டும்,
நான் கழித்துக் கொடுக்கிறேன்.