மாலை ஏழு மணிச் சுமை

உலான்பாத்தரின் வடக்கு விளிம்பு.
தார்ச்சாலை முடிந்த பிறகும் ஊர் முடிவதில்லை,
மலைமேல் ஏறிக்கொண்டே இருக்கிறது
பலகை வேலியும் வெள்ளைக் கூடாரமுமாக.

வேலிக்கு மூன்று கிலோவாட் என்று
போன கோடையில் நான்தான் எழுதினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு வேலிகள்.
பெருக்கி, கைகாவலாய்க் கொஞ்சம் கூட்டி,
பத்தாண்டுக்குத் தாங்கும் என்று கையெழுத்திட்டேன்.
மை உலர்ந்தது. பனி விழுந்தது.

ஜனவரி. சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கம்பத்தடியில் நானும் லைன்மேன் பூரெவ்தோர்ஜும்.
கையுறையைக் கழற்றினால் விரல் நிலைக்காது,
கழற்றாவிட்டால் மீட்டர் மசியாது.
ஆறரைக்கு எல்லாம் சரி.
ஆறே முக்காலுக்குப் பேருந்து வந்தது.
இறங்கியவர்கள் ஆளுக்கொரு கதவைத் திறந்து
ஆளுக்கொரு ஹீட்டரைச் சொருகினார்கள்.
இருநூறு வோல்ட், நூற்றெண்பது,
ஏழடிக்கையில்
நூற்று அறுபத்து நான்கு.
மலை முழுக்க விளக்குகள்
பால்தேநீர் நிறத்துக்கு மங்கின.

எழுபத்து மூன்றாம் வேலிக்குள் எட்டிப் பார்த்தோம்.
என் வரைபடத்தில் ஒரு கூடாரம்.
தரையில் மூன்று.
"அது மூத்தவன் கல்யாணத்துக்குப் போட்டது,
இது இளையவனுக்கு, அக்டோபரில்"
என்றாள் செவெல்மா, கெட்டிலை அணைத்தபடி.
கெட்டில் கொதித்தால் டிவி செத்துவிடும்;
மூன்று கூடாரமும் முறை வைத்துத்தான்
தேநீர் குடிக்கிறார்களாம்.
அடுப்பு நடுவில் ஆறிக் கிடந்தது,
அதன்மேல் ஒரு பூந்தொட்டி.
"கரியை விடச் சொன்னீர்கள், விட்டோம்."
குறை சொல்லும் குரலே இல்லை.
அதுதான் உறுத்திற்று.

வேலிகளை எண்ணினேன்.
கல்யாணங்களை எண்ணியிருக்க வேண்டும்.

இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், தடித்த கேபிள் வேண்டும்.
வைக்கச் சமதளம் ஒன்றே ஒன்று:
வலையில்லாத கூடைப்பந்து வளையத்தின் கீழ்,
பையன்கள் பனியை மிதித்து மிதித்து
சிமெண்டாக்கி வைத்திருக்கும் இடம்.
"வளையத்தை நம் கம்பத்திலேயே மாட்டிவிடலாம்"
என்றார் பூரெவ்தோர்ஜ்.
விதிப்படி கூடாது என்றேன்.
தெரியும் என்றார்.
அந்த இடத்தைப் பென்சிலில் மட்டும் குறித்தேன்.

இறங்கும் வழியில் எதிரே ஒரு லாரி.
மடித்த கூடாரச் சட்டங்கள், கம்பளிச் சுருள்,
ஒரு சலவை இயந்திரம்,
அதை அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண்.
முகப்பு விளக்கில் அவள் கண் கூசிற்று.
ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டோம்.
பூரெவ்தோர்ஜ் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:
"எழுதிக்கொள்ளுங்கள்."